ஒப்புகை வரும்வரை: தொலைபேசிக் கம்பியில் கணினிகள் பேசிய காலம்

(பெரியகுளத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய கணினித் திரை ஒன்றில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. ஆக, 1,920 எழுத்து. 1970களின் இறுதியில் வீட்டுத் தொலைபேசியோடு சேர்த்துப் பயன்படுத்திய மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. எழுத்து ஒன்றுக்குப் பத்து பிட் செலவாகும் என்பதால் நொடிக்கு 30 எழுத்துதான் வரும். அந்தத் திரை நிரம்ப 64 நொடி பிடிக்கும். வேகமாகப் படிக்கத் தெரிந்தவர் அடுத்த சொல் எப்போது விழும் என்று காத்துக்கொண்டிருப்பார். 360 கிலோபைட் ஃப்ளாப்பி ஒன்றில் இருப்பதை அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் இடையில் யாரும் ரிசீவரை எடுத்து "ஹலோ" சொல்லாமல் இருந்தால்.

அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு மனிதர்கள் செய்த ஏற்பாடுகளைப் பற்றியதுதான் இன்றைய உரை. கம்பியில் இரைச்சல், கையில் நேரம் குறைவு, கட்டணமோ அதிகம். இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்க அவர்கள் வகுத்த விதிமுறைகள் பல இன்றும் நம்மைச் சுற்றி வேலை செய்கின்றன. சிகாகோவின் பனிப்புயலில் தொடங்கி, பம்பாய், ஆம்ஸ்டர்டாம் வழியாகத் தேனி மாவட்டத்துக் கோபுரங்கள் வரைக்கும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு கம்பி, ஒரு ஆள்

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற பெட்டியின் படம் வந்தது. அடிப்படை வடிவில் அதன் நினைவகம் 256 பைட். திரை கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. முகப்பில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித்தான் அதற்கு வேலை சொல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1977இல், ஆப்பிள் II, டிஆர்எஸ்-80, கமடோர் பெட் என்ற மூன்று மைக்ரோ கணினிகள் கடைக்கு வந்துவிட்டன. பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கணினிகள் அவை.

வீட்டில் இருந்தாலும் அவை தனியாகத்தான் இருந்தன. பெரிய கணினிகள் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் இருந்தன. 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெட் போன்ற வலைகளுக்குள் போக அந்த நிறுவனங்களைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வெளியே போகும் ஒரே கம்பி தொலைபேசிக் கம்பி. அது மனிதக் குரலுக்காகப் போட்டது. ஒன்றையும் பூஜ்யத்தையும் நேரடியாக ஏற்காது. மோடம் அவற்றை இரண்டு ஒலிகளாக மாற்றியது. அமெரிக்காவின் பெல் 103 முறையில் அழைப்பவரின் கருவி 1070, 1270 ஹெர்ட்ஸ் ஒலிகளையும், பதில் சொல்லும் கருவி 2025, 2225 ஹெர்ட்ஸ் ஒலிகளையும் எழுப்பும். இருவரின் சுருதியும் வேறாக இருப்பதால் ஒரே கம்பியில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்.

தொடக்கத்தில் பலர் ரிசீவரையே இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்தார்கள். எண்ணைக் கையால் சுழற்றி, எதிர்முனையில் கீச்சென்ற ஒலி கேட்டதும் ரிசீவரைக் கிண்ணத்தில் அமுக்க வேண்டும். 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் இந்தச் சிரமத்தைத் தீர்த்தது. கணினியிலிருந்து சாதாரண எழுத்துகளாகவே அதற்குக் கட்டளை அனுப்பலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் 'ஏடி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். அந்த இரண்டு எழுத்துகளும் இந்த உரையின் முடிவில் மறுபடி வரும்.

1978 ஜனவரியில் சிகாகோவைப் பனிப்புயல் முடக்கியபோது, வார்ட் கிறிஸ்டென்சென், ராண்டி சூஸ் என்ற இரண்டு நண்பர்கள் ஒரு யோசனைக்கு உருவம் கொடுத்தார்கள். கணினிச் சங்கத்து உறுப்பினர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் செய்தி எழுதி வைக்கவும், மற்றவர் எழுதியதைப் படிக்கவும் ஒரு மைக்ரோ கணினியை விட்டுவைப்பது. பிப்ரவரி 16 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிபிபிஎஸ் என்று அதற்குப் பெயர். ஒரே தொலைபேசி இணைப்பு. ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவருக்கு எங்கேஜ்ட் ஒலி. பின்னால் உலகமெங்கும் பரவிய பிபிஎஸ் என்ற மின்னணு அறிவிப்புப் பலகைகளுக்கெல்லாம் அதுதான் முதல்.

இதே கிறிஸ்டென்சென் ஓராண்டுக்கு முன், 1977இல், கோப்புகளை அனுப்ப ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தார். எக்ஸ்மோடம் என்ற பெயரில் அது நிலைத்தது. கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் போடுவது, துண்டில் உள்ள எண்மதிப்புகளைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையையும் கடைசியில் ஒட்டுவது. வாங்கும் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை சரியாக இருந்தால் "வந்தது" என்று ஒரு எழுத்தைத் திருப்பி அனுப்பும். தவறினால் "மறுபடி அனுப்பு" என்று இன்னொரு எழுத்து. பதிவுத் தபாலோடு போகும் ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன் என்று ஒருவர் உறுதியாக இருப்பதைப் போன்றது இந்த முறை. மெதுவானது, ஆனால் எதுவும் தொலையாது. இரைச்சல் மிகுந்த கம்பியில் ஒரு பைட் கெட்டாலும் நிரல் ஓடாது என்ற நிலையில், தொலையாமல் இருப்பதுதான் முக்கியம்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் வேறொரு சிக்கல். மாணவர்களுக்குப் பெரிய கணினியில் ஒதுக்கப்பட்ட வட்டு இடம் போதவில்லை. தங்கள் கோப்புகளை மைக்ரோ கணினிக்கு இறக்கி ஃப்ளாப்பியில் வைத்துக்கொள்ள வழி தேவைப்பட்டது. ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் கெர்மிட் முறையை உருவாக்கினார்கள். குழந்தைகளுக்கான மப்பெட் நிகழ்ச்சியின் தவளைப் பொம்மையின் பெயர் அது. ஐபிஎம் பெரும் கணினிகள் சில கட்டுப்பாட்டு எழுத்துகளை வழியிலேயே விழுங்கிவிடும். அதனால் அச்சில் வரக்கூடிய எழுத்துகளை மட்டுமே வைத்து எல்லாத் தகவலையும் அனுப்பியது கெர்மிட். எந்த ஊர்க் கம்பியாக இருந்தாலும், எந்தக் கணினியாக இருந்தாலும், எது கட்டாயம் கடந்து போகுமோ அதை மட்டும் நம்புவது அதன் வழி. நூற்றுக்கணக்கான கணினி வகைகளுக்குக் கெர்மிட் எழுதப்பட்டதற்கு அந்த முன்ஜாக்கிரதையே காரணம்.

டிரங்க் கால் நாட்டில்

அதே 1981இல் இந்தியாவில் தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரம் என்றால் இரு மடங்குக் கட்டணத்தில் அர்ஜெண்ட் கால். இன்னும் அவசரம் என்றால் எட்டு மடங்கில் லைட்னிங் கால். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் எஸ்டிடி வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் தொடங்கியிருந்தாலும், சிற்றூர்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது.

பழைய மின்இயந்திரத் தொலைபேசி நிலையங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. டயலைச் சுழற்றும்போது எழும் துடிப்புகள் மட்டுமே அவற்றுக்குப் புரியும். பொத்தானை அழுத்தும்போது எழும் ஒலிகள் புரியா. அதனால் மோடத்துக்கு எண் சொல்லும்போது ஒலி முறைக்கான 'ஏடிடிடி' என்று தட்டினால் இந்தக் கம்பியில் எதுவும் நடக்காது. துடிப்பு முறைக்கான 'ஏடிடிபி' என்று தட்ட வேண்டும்.

1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென்று 128 முனைகள் கொண்ட சிறிய மின்னணு இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிறுவப்பட்டது. குளிர்சாதன அறை இல்லாமல், தூசியிலும் வெப்பத்திலும் ஓட வேண்டும் என்பதுதான் அதன் முதல் நிபந்தனை. மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்ததும், இரவு பதினொரு மணிக்கு மேல் கால்பங்குக் கட்டணத்துக்காகப் பூத் வாசலில் கூட்டம் நின்றதும் அதன் பின்னால் வந்த காட்சிகள்.

இரவுக் கட்டணத்துக்குக் காத்திருந்தது மனிதர்கள் மட்டுமா? கணினிகளும் காத்திருந்தன. பெல் ஆய்வகத்தின் மைக் லெஸ்க் 1970களில் எழுதிய யூயூசிபி என்ற நிரல் தொகுப்பு, கணினிகளுக்கு இடையே நிரந்தர இணைப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. பகலில் எழுதிய கடிதங்களைக் கணினி சேர்த்து வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்தில் அடுத்த கணினியைத் தொலைபேசியில் கூப்பிடும், கட்டைத் தள்ளிவிடும், எதிர்முனையில் காத்திருப்பதை வாங்கிக்கொள்ளும், தொலைபேசியை வைத்துவிடும். அந்தக் கணினி இன்னொன்றைக் கூப்பிடும். முகவரியில் வழியில் உள்ள ஒவ்வொரு கணினியின் பெயரையும் ஆச்சரியக்குறி இட்டு வரிசையாக எழுத வேண்டியிருந்தது.

இந்தியாவின் இணைய வரலாறு தொடங்கியது இந்த முறையில்தான். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட நிதியோடு மத்திய மின்னணுவியல் துறை 1986இல் எர்நெட் திட்டத்தைத் தொடங்கியது. பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமான என்சிஎஸ்டி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐஐடிகள், டெல்லியில் துறையின் அலுவலகம் என எட்டு இடங்கள். 1987இல் என்சிஎஸ்டிக்கும் பம்பாய் ஐஐடிக்கும் இடையே தொலைபேசி வழி மின்னஞ்சல் ஓடத் தொடங்கியது. ஒரே நகரத்துக்குள் சில கிலோமீட்டர் தூரம்தான். அங்கிருந்து அடுத்த பாய்ச்சல் வெளிநாட்டுக்கு. ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற கணித ஆய்வு மையத்தின் 'எம்சிவாக்ஸ்' என்ற கணினி அப்போது ஐரோப்பாவின் யூனிக்ஸ் அஞ்சலுக்கெல்லாம் நடுவமாக இருந்தது. என்சிஎஸ்டியின் கணினி சர்வதேசத் தொலைபேசியில் அதைக் கூப்பிட்டு இந்திய ஆய்வாளர்களின் கடிதங்களைக் கொடுத்து வாங்கியது.

என்சிஎஸ்டியை வழிநடத்திய ஸ்ரீனிவாசன் ரமணிதான் இந்த ஏற்பாடுகளின் மையம். 1989 மே மாதம் '.இன்' என்ற நாட்டுப் பெயர் பதிவானது. அதே ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த யூயூநெட் என்ற வலைச் சேவைக்கு நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு வாடகைக் கம்பி கிடைத்தது. நாட்டின் ஆய்வுலகம் முழுவதற்கும் வெளியுலக வாசல் அந்த 9,600 பிட். இணையத்தின் புகழ் மன்றம் 2014இல் ரமணியைச் சேர்த்துக்கொண்டது.

அரசு நிர்வாகம் வேறு பாதையில் போனது. 1976இல் தொடங்கிய தேசியத் தகவலியல் மையம், என். சேஷகிரியின் தலைமையில், தொலைபேசிக் கம்பியை நம்பாமல் செயற்கைக்கோளை நம்பியது. 1980களின் இறுதியில் ஆட்சியர் அலுவலகக் கூரைகளில் சிறிய வட்டத் தட்டுகள் ஏறின. நானூறுக்கும் மேற்பட்ட மாவட்டத் தலைநகரங்கள் அந்த மையத்தின் நிக்நெட் வலையில் வந்தன. பெரியகுளம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரியில். ஆக, இந்த வட்டாரத்துக்கு அரசின் கணினி வலை முதலில் வந்து நின்ற இடம் மதுரை.

பள்ளிகளிலும் கணினி நுழைந்தது. 1984–85இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்தன. பிரிட்டனில் அதே கணினியோடு ஒரு துணைக்கருவியை மாட்டி, தொலைபேசி வழியே பிரெஸ்டெல் தகவல் சேவைக்குள் போனார்கள். இந்தியப் பள்ளிகளில் அது பாடம் நடத்தும் பெட்டியாகவே நின்றது. கணினி ஒன்றுதான், வெளியே போகும் கம்பி மட்டும் இல்லை.

பதினைந்து லட்சம் ரூபாய்

கம்பி கிடைத்த நகரவாசிகள் சும்மா இருக்கவில்லை. 1989ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூரில் அதுல் சிட்னிஸ் 'சிக்ஸ்' என்ற பிபிஎஸ் பலகையை நடத்தினார். பம்பாயில் சுசித் நந்தா 'லைவ் வயர்' என்ற பலகையை நடத்தினார். ஒரு பிசி, ஒரு மோடம், வீட்டுத் தொலைபேசி, இவ்வளவுதான் முதலீடு. இத்தகைய பலகைகளை உலக அளவில் இணைத்தது ஃபைடோநெட். 1984இல் சான்பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கியது அது. நள்ளிரவு தாண்டிய ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் எல்லாப் பலகைகளும் பொதுமக்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்து அஞ்சல் மாற்றிக்கொள்ளும். கட்டணம் குறைந்த நேரம் அது. சம்பளம் வாங்காத ஆர்வலர்கள், தங்கள் தொலைபேசிக் கட்டணத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு, கண்டங்களுக்கிடையே அஞ்சல் சேவை நடத்தினார்கள்.

1994இல் தொலைத்தொடர்புத் துறை இவர்கள் பக்கம் திரும்பியது. பிபிஎஸ் நடத்த ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், மின்னஞ்சல் சேவை நடத்த 25 லட்சம் என்று விதித்தது. வீட்டுத் தொலைபேசியில் இலவசமாகப் பலகை நடத்திய ஒருவரிடம் 15 லட்சம்! ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். டெல்லியின் அருண் மேத்தா போன்றோர் வெளிநாடுகள் வரை செய்தியைக் கொண்டுபோனார்கள். கம்பியின் இரைச்சலுக்குக் கூட்டுத்தொகை வைத்து மருந்து கண்டார்கள். கம்பியின் உரிமையாளருக்கு அப்படி ஒரு மருந்து எளிதில் கிடைக்கவில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களே முதல் வாசல்கள். முழு இணைய வசதியுள்ள கணக்குக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் 'ஷெல்' கணக்கு உண்டு. ஷெல் கணக்கில் படம் வராது. மாணவரின் பிசி உண்மையில் இணையத்தில் இருக்கவே இல்லை. விஎஸ்என்எல் கணினியின் தொலைதூரத் திரையாக மட்டும் நடித்தது. இணையப் பக்கங்களை லிங்க்ஸ் என்ற நிரலில் வெறும் எழுத்தாகப் படிப்பார்கள். பைன் என்ற நிரலில் அஞ்சல் எழுதுவார்கள். பெரியகுளத்தில் ஒருவரிடம் பிசியும் மோடமும் இருந்திருந்தால், அவர் சென்னைக்கு எஸ்டிடி போட்டு உள்ளே போக வேண்டும். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு நிமிடக் கணக்கில் மீட்டர் ஓடும். பூத்தில் பேசுபவரைப் போலவே அவரும் பதினொரு மணி அடிக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

1998 நவம்பரில் தனியார் சேவைகளுக்கு வழி திறந்த பிறகுதான் சிற்றூர்களில் பிரவுசிங் சென்டர்கள் எட்டிப் பார்த்தன.

எட்டாவது பிட்

இந்தக் கம்பிகளில் தமிழ் எப்படிப் போனது?

கணினியில் தமிழை ஏற்றும் முயற்சி மைக்ரோ கணினியோடு சேர்ந்தே வந்தது. கனடாவில் முனைவர் சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்ற மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு' 1985இல் வந்தது. கணினிக்கு உள்ளே சிக்கல் இல்லை. ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போக, மீதி 128இல் தமிழ் எழுத்துகளை அவரவர் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் கணினியை விட்டு வெளியே வந்ததும் தொடங்கியது. 1982இல் வகுத்த இணைய அஞ்சல் விதிமுறை ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே ஒப்புக்கொண்டது. வழியில் உள்ள பல கணினிகள் எட்டாவது பிட்டைக் கழித்துவிட்டே கடிதத்தை அடுத்த கணினிக்குத் தள்ளின. எட்டாவது பிட் போனால் எழுத்தின் மதிப்பில் 128 குறையும். தமிழ் எழுத்து ஏதோ ஒரு ஆங்கில எழுத்தாகவோ கமாவாகவோ மாறிவிடும். சென்னையில் அனுப்பிய வெண்பா டொரோண்டோவில் திறந்தால் குப்பை.

புலம்பெயர்ந்த தமிழர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, ஏழு பிட்டுக்குள் அடங்கும் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதுவது. அப்படி எழுதியதை மறுமுனையில் தமிழாக மாற்றிக் காட்டும் நிரல்கள் வந்தன. அமெரிக்காவில் பால சுவாமிநாதன் உருவாக்கிய அத்தகைய ஒன்றுக்கு 'மதுரை' என்று பெயர். யூஸ்நெட் என்ற விவாத வலையில் தமிழருக்கென இருந்த குழுவிலும் ரோமன் எழுத்துத் தமிழ்தான் புழங்கியது. மற்றொரு வழி யூயூஎன்கோட். கோப்பின் மூன்று பைட்டுகளை எடுத்து, அச்சில் வரக்கூடிய நான்கு எழுத்துகளாக மாற்றி அனுப்புவது. கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். ஆனால் எட்டாவது பிட்டைக் கழிக்கும் கணினிகளால் அதைக் கெடுக்க முடியாது. கட்டாயம் கடந்து போவதை மட்டும் நம்பு என்ற கெர்மிட்டின் யோசனைதான் இங்கேயும். இன்றைக்கும் மின்னஞ்சலில் இணைக்கும் புகைப்படம் ஏறக்குறைய இதே முறையில், மூன்றை நான்காக்கித்தான் பயணம் செய்கிறது.

1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். எழுத்துருக் குறியீடு ஆளுக்கொன்றாக இருந்த காலம் அது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரப்படுத்தியது. உலகத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற குறியீட்டைப் பின்பற்றினார்கள். கடைசியில் எல்லோரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தேனியின் கோபுரங்கள்

எக்ஸ்மோடத்துக்குத் திரும்புவோம். 300 பிட் கம்பியில் 128 பைட் துண்டு ஒன்றை, வரிசை எண், கூட்டுத்தொகை எல்லாம் சேர்த்து அனுப்ப 4.4 நொடி ஆகும். ஒப்புகை திரும்பி வர ஆகும் நேரம் அதன் அருகே ஒன்றுமே இல்லை. அதே முறையை 9,600 பிட் வேகத்தில், செயற்கைக்கோள் வழியாக ஓட்டிப் பார்ப்போம். துண்டு கிளம்ப ஆவது 0.14 நொடிதான். ஆனால் பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி, ஒப்புகை மறுபடி ஏறி இறங்க ஏறக்குறைய அரை நொடி. அனுப்பும் கணினி வேலை செய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் மூன்று மடங்குக்கும் மேல். கட்டணம் கட்டிய கம்பியில் நான்கில் ஒரு பங்குகூடப் பயன்படாது.

1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம் இதைச் சரிசெய்தது. ஒவ்வொரு துண்டுக்கும் நிற்காமல் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே போவது. கெட்டுப்போனது எது என்று எதிர்முனை சொன்னால் அந்த இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி அனுப்புவது. நீளமான வழியில் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை கேட்டு நிற்காதே என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

இருபது ஆண்டு கழித்து இதே பாடம் தேனி மாவட்டத்தில் தேவைப்பட்டது.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் கிளை திறந்தது. 2004 முதல் சுற்றுவட்டார ஊர்களில் பார்வை மையங்களை அமைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். பஸ் ஏறித் தேனிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று கண்ணைக் கவனிக்காமல் விட்ட பலர் இந்த மையங்களுக்கு வந்தார்கள். பெரியகுளம், போடி, ஆண்டிபட்டி, சின்னமனூர் என்று இந்த மையங்கள் பரவின.

காணொளிக்கு வேண்டிய கம்பி அன்று இந்த ஊர்களில் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் ஆய்வுக்குழு, வீட்டுக்குள் பயன்படுத்தும் மலிவான வைஃபை அட்டைகளையே எடுத்து, ஒரே திசையில் குவியும் ஆன்டெனாக்களை மாட்டி, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு அனுப்பிப் பார்த்தது. ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு சிறிய கணினிப் பலகை: 266 மெகாஹெர்ட்ஸ் வேகம், 128 மெகாபைட் நினைவகம், லினக்ஸ். 2008ஐ ஒட்டி ஐந்து மையங்களுக்கு ஒன்பது இணைப்புகள், பதினோரு பலகைகள். கோபுரங்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர். மிக நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர். கோபுரம் கட்டாத இடங்களில் கூரைமேல் கம்பம் நட்டார்கள். ஓரிடத்தில் ஜவுளி ஆலை ஒன்றின் மின்நிலையப் புகைபோக்கியிலேயே ஆன்டெனாவை ஏற்றினார்கள்.

வைஃபை தடுமாறியது. காரணம் எக்ஸ்மோடத்துக்கு நேர்ந்ததேதான். வைஃபையின் விதிப்படி ஒவ்வொரு துண்டுக்கும் உடனடியாக ஒப்புகை வர வேண்டும். காத்திருக்கும் நேரம் சில பத்து மைக்ரோ நொடி. வீட்டுக்குள் அது தாராளம். 15 கிலோமீட்டர் போகவே ஒளிவேகத்தில் 50 மைக்ரோ நொடி, திரும்பி வர இன்னொரு 50. ஒப்புகை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் "தொலைந்தது" என்று முடிவு செய்து மறுபடி அனுப்புவார். இரண்டும் மோதிக்கொள்ளும். ஆய்வுக்குழு எழுதிய 'வைல்ட்நெட்' மென்பொருள் அந்த விதியை மாற்றியது. இரு முனைகளும் முறைவைத்துப் பேசும். ஒரு முறையில் வந்த எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்புகை. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதாக 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

அதற்குப் பிறகும் இணைப்புகள் அறுந்தன. காரணம் மின்சாரம். இந்த வட்டாரத்து மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் பலகைகள் பழுதாயின. அழுத்தம் மிகவும் குறையும்போது அணையவும் முடியாமல் ஓடவும் முடியாமல் தொங்கி நின்றன. அழுத்தம் குறைந்தால் முழுதாக அணைத்துவிடும் ஒரு சிறு சுற்றைச் சேர்த்துத்தான் அதைச் சமாளித்தார்கள். வெளியிலிருந்து இந்தப் பலகைகளுக்குள் நேரடியாக நுழைய வழி இல்லாததால், தேனியிலிருந்து அவையே பெர்க்லி கணினியை அழைத்து, அந்த அழைப்பின் வழியாக ஆய்வாளர்கள் உள்ளே வந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நாளடைவில் மருத்துவமனையின் ஊழியர்களே இணைப்புகளை நடத்தக் கற்றுக்கொண்டார்கள்.

கிணற்றடியில் ஏடி

கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்போ வாழைத்தோட்டமோ வைத்திருப்பவர்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் தெரியும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்து இரவில் டார்ச் அடித்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்த காலம் போய், வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓடவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் செல்பேசி வலையோடு பேசும் ஒரு சிறிய ஜிஎஸ்எம் பலகையும் இருக்கும். அந்தப் பலகைக்கு, அதோடு இருக்கும் மைக்ரோ கன்ட்ரோலர் கட்டளை கொடுப்பது ஹேய்ஸின் 'ஏடி' மொழியில். அழைப்பு வந்தால் பலகை 'ரிங்' என்று எழுதும். எடுக்கச் சொல்ல 'ஏடிஏ'. வைக்கச் சொல்ல 'ஏடிஎச்'. செல்பேசி மோடங்களுக்கான சர்வதேசத் தரமே இந்தக் கட்டளைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, குறுஞ்செய்தி அனுப்புவது போன்ற புதிய வேலைகளுக்கு மேலும் சிலவற்றைச் சேர்த்திருக்கிறது. எக்ஸ்மோடமும் ஓய்வு பெறவில்லை. மென்பொருள் கெட்டுப்போன சில ரௌட்டர்களுக்கு உயிர் கொடுக்க, பொறியாளர்கள் இன்றும் சீரியல் கம்பி மாட்டி எக்ஸ்மோடம் வழியாகத்தான் புதிய கோப்பை ஏற்றுகிறார்கள்.

இங்கே வந்திருக்கும் பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஜிஎஸ்எம் பலகை, அதற்கேற்ற மின்வழங்கி, யூஎஸ்பி சீரியல் கம்பி, 2ஜி சேவை இன்னும் தரும் நிறுவனத்தின் சிம், கணினியில் ஏதாவது ஒரு டெர்மினல் நிரல். வேகத்தை 9,600 என்று வையுங்கள். ஏ, டி என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பலகை 'ஓகே' என்று ஒப்புகை அனுப்பும். அடுத்து 'ஏடிடி' என்று தட்டி, நண்பரின் எண்ணையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அனுப்பினால் அவருடைய செல்பேசி அடிக்கும். அவர் எடுக்காமல் துண்டித்தால் திரையில் என்ன எழுதி வருகிறது என்று பாருங்கள். ஹேய்ஸ் மோடங்கள் தந்த அதே வகைச் செய்திதான் அது.